அரண்மனைப் பக்கத்துப் பாம்பாட்டி

‘காட்சிக்கு வைக்கப்பட்ட பொருள் ஒன்று தம்மைக் குறிக்கிறது என்று ஒருவர் எழுத்துமூலம் அறிவித்தால், அருங்காட்சியகம் முப்பது நாட்களுக்குள் அவருக்குப் பதிலளிக்க வேண்டும். பதிலளிக்கும்வரை அப்பொருளின் விளக்க அட்டையை மூடி வைக்க வேண்டும்.’

இது சேகரிப்புக் கொள்கையின் ஒன்பதாம் பிரிவு. மொழிபெயர்ப்பு என்னுடையது. பிரெஞ்சு மூலத்தில் இரண்டு இடத்திலும் ‘வேண்டும்’ என்றுதான் இருக்கிறது. ‘கூடும்’ என்று இல்லை. ஓய்வு பெறும்வரை நான் மாகாண அரசின் முறைப்பாட்டுப் பிரிவில் வேலை செய்தேன். இப்படியான வாக்கியங்களை எழுதித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ‘வேண்டும்’ என்று எழுதிவிட்டால் அது தானாக நடந்துவிடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இந்த முறை நம்பினேன். அந்த அருங்காட்சியகத்தின் இயக்குநர், ஒரு குளிர்காலம் முழுக்க என்னோடு ஒரே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவள்.

உங்களில் பலர் என் வயதுக்காரர். எண்பதுகளில் மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ் பகுதியில் வளர்ந்தவர்கள். இன்று நம்முடைய கடைகள் இருக்கும் இடமெல்லாம் அப்போது கிரேக்கர்களின் கடைகள். கறுப்பு உடுத்த விதவைகள், வாசலில் ஒலிவ் எண்ணெய்த் தகரங்களில் பனிக்குச் செத்துப்போன தக்காளிச் செடிகள், தெப்பனர் என்ற மூலைக்கடை வாசலில் சிகரெட்டோடு நின்று உரத்துக் கதைக்கும் ஆண்கள். அவர்கள் சண்டை பிடிக்கிறார்கள் என்று அம்மா என்னைக் கையைப் பிடித்து மறுபக்கம் இழுத்துப் போவார். சுகம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது பல மாதங்களுக்குப் பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

நாங்கள் இருந்தது மேல்மாடி. கீழே வீட்டுக்காரரின் குடும்பம். அதற்கும் கீழே நிலவறை. நிலவறையில் அவர் கன்றுத்தோல் ஊறப்போட்டிருந்தார். அந்த மணம் சூடாக்கும் குழாய்களோடு சேர்ந்து ஏறி எங்கள் குசினிக்கு வந்துவிடும்.

“செருப்புத் தைக்கிற வீட்டிலையோ எங்களைக் கொண்டந்து வைச்சிருக்கிறியள்?” என்று அம்மா கேட்டார்.

“செருப்பில்லையப்பா, பொம்மை. கூத்துப் பொம்மை,” என்றார் அப்பா. “வெளிச்சத்துக்கு முன்னாலை பிடிச்சு ஆட்டுற பொம்மை.”

“தோலிலையோ?”

“வேறை என்னத்திலை? உம்மடை தோசையிலையோ?”

வீட்டுக்காரர் டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் சமையற்காரர். அப்பாவுக்கு அங்கேயே கோப்பை கழுவும் வேலை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். ஊரில் அப்பா உப தபாலதிபர். முத்திரையைத் தேய்த்து ஒட்டும் அழகுக்காகவே சனம் அவரிடம் கடிதம் கொண்டுவரும் என்று அம்மா பெருமையாகச் சொல்வார். கோப்பை கழுவப் போனாலும் தபால் கந்தோருக்குப் போவதுபோல்தான் வெளிக்கிட்டார். நெற்றியில் மூன்று குறி திருநீறு, தர்மசாலையில் கிடைத்த, கணுக்கால்வரை தொங்கும் கோட்டு, காதை மூடிய கம்பளித் தொப்பி, கையில் கறுப்புக் குடை.

குடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பனிக்குக் குடை பிடித்தார். மொன்ட்ரியாலில் ஒருவரும் பனிக்குக் குடை பிடிப்பதில்லை. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்களுக்கு முன்னரே வந்து எல்லாம் தெரிந்தவர். “அத்தான், ஆக்கள் பாத்துச் சிரிக்கிறாங்கள்,” என்று சொல்லிப் பார்த்தார். அப்பா சொன்ன பதில் எனக்கு இன்றும் பிடிக்கும். “தம்பி, வானத்திலையிருந்து விழுகுது. விழுகிறது நனைக்குது. வேறை என்ன காரணம் வேணும்?”

வீட்டுக்காரர் அவரை ‘மிஸ்டர் குடை’ என்று கூப்பிட்டார். அப்பா அவரை ‘பொஸ்’ என்று கூப்பிட்டார். இருவருக்கும் பொதுவாக இருந்தவை கொஞ்சம் ஆங்கிலச் சொற்களும் நிறையக் கையசைப்பும்தான். அதை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அரசியல் கதைத்தார்கள். இரண்டு பேருடைய நாட்டிலும் இராணுவம் பிழை என்பதில் அவர்களுக்குக் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

வீட்டுக்காரரின் மகளுக்கு என் வயது. நாங்கள் இருவரும் வெளியிலிருந்து வீட்டுக்குள் ஏறும் படிக்கட்டின் உட்புறம், கதவுக்கும் கதவுக்கும் இடையில், சப்பாத்துகள் காயும் இடத்தில் உட்கார்ந்து கதைப்போம். அவள் எனக்குப் பிரெஞ்சு சொல்லித் தந்தாள். நான் அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். மூன்று சொற்களை மட்டும் அவள் பிடித்துக்கொண்டாள். ஓம், விசர், பேந்து; அதாவது ஆம், பைத்தியம், பிறகு. மூன்றாவதில் அவளுக்குத் தனி ஆசை. தாய் கீழேயிருந்து பாத்திரம் கழுவக் கூப்பிட்டால், “பேந்து!” என்று கத்துவாள். தாய்க்கு அது விளங்காது. விளங்காததால் ஏசவும் முடியாது. அதுதான் அதன் அருமை.

நிலவறைக்கு என்னை முதலில் கூட்டிப்போனதும் அவள்தான். உடுப்புக் காயும் கொடியில், கவ்விகளில், பொம்மைகள் தொங்கின. துருக்கிய ஆட்சியாளன் பாஷா, பாஷாவின் மகள், மீசை வைத்த மலைநாட்டு மாமன், கரையோரத்து மைனர். தோலை மரக்கட்டையில் வைத்துச் சிறு உளிகளால் தட்டித் தட்டித் துளைகள் எடுத்திருந்தார் வீட்டுக்காரர். துளைகளுக்குப் பின்னால் இனிப்புச் சுற்றி வந்த வண்ணத் தாள்கள். நாயகன் மட்டும் தனியாக ஓர் ஆணியில் தொங்கினான். கூனல் முதுகு, வெறுங்கால், ஒட்டிய வயிறு, நிலத்தைத் தொடும் நீளத்துக்கு ஒரு கை. அவனுடைய கிரேக்கப் பெயர் என் வாயில் நுழையவில்லை. கூனன் என்று வைத்துவிட்டேன்.

“ஏன் ஒரு கை மட்டும் நீளம்?” என்று கேட்டேன்.

“அடிக்க,” என்றாள். “திருடவும்தான். ஆனால் முக்கியமாக அடிக்க.”

அந்த அடியின் சத்தத்தைப் போடுவது அவள் வேலை. திரைக்குப் பின்னால் இருந்து இரண்டு தோல் வார்களைப் பலகையில் ஓங்கி அறைய வேண்டும். எங்கள் மாடிப்படியில் இருந்து பழகினாள். ஒவ்வோர் அறைக்கும் அம்மா மேலே திடுக்கிட்டு, “சிவசிவா” என்பார்.

தை பிறந்த கையோடு ஒரு நாள் வீட்டுக்காரர் அப்பாவை நிலவறைக்குக் கூப்பிட்டு, மின்குமிழுக்கும் சுவருக்கும் நடுவே நடக்கச் சொன்னார். கோட்டோடு, தொப்பியோடு, குடையோடு. அப்பா நடந்தார். வீட்டுக்காரர் சுவரில் விழுந்த நிழலைச் சுற்றிக் கரிக்கட்டியால் கோடு கிழித்தார். பிறகு, பாடு என்றார். ஒவ்வொருவரும் திரைக்கு வரும்போது அவரவர்க்கு ஒரு பாட்டு உண்டாம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாடினார். எண்ணெய்த் தகரங்களுக்கும் ஊறும் தோலுக்கும் நடுவில், பண் தவறாமல்.

மேலே வந்து, “என்ரை உருவத்தை வெட்டப் போறாராம்,” என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்திருந்ததை நான் கனடா வந்தபின் அதுவரை பார்த்ததில்லை.

“என்னத்துக்காம்?”

“கோயில் மண்டபத்திலை ஆடுறதுக்கு. அவையின்ரை நோன்புக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை.”

கோயில், மண்டபம், நோன்பு. அம்மாவுக்கு இந்த மூன்று சொல்லும் போதுமாக இருந்தன. அந்த ஞாயிறு அவர்களுடைய நோன்புக்கு முந்திய கும்மாள நாள், முகமூடி போட்டுக்கொண்டு குடித்து ஆடும் நாள் என்பதைச் சொல்ல ஒருவரும் இல்லை. மாமாவுக்குத் தெரிந்திருக்கலாம். மாமாவுக்கு எல்லாம் தெரியும்.

அன்று பிற்பகல் நாங்கள் தோய்ந்து, வெள்ளிக்கிழமை உடுப்பு உடுத்து, தட்டத்தில் தேங்காயும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு போனோம். தேவாலயத்தின் கீழ்மண்டபத்து வாசலில் அப்பா குனிந்து பனிச்சப்பாத்தைக் கழற்றினார். நாங்களும் கழற்றினோம். அம்மா, என் தம்பி, மாமா, எல்லோரும். சுவரோரமாக வரிசையாக வைத்துவிட்டு, காலுறையோடு ஈரத்தரையில் நடந்து உள்ளே போனோம். உள்ளே அத்தனை பேரும் சப்பாத்தோடு இருந்தார்கள். வாசலில் நின்ற கிரேக்க அம்மா ஒருவர் தட்டத்தை வாங்கிக்கொண்டு, தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். வாழைப்பழங்களைப் பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்தார். அம்மா அதைப் பிரசாதம் கொடுப்பதாக எடுத்துக்கொண்டு, கை கூப்பினார்.

விளக்குகள் அணைந்தன. வெள்ளைத் துணித் திரை மட்டும் ஒளிர்ந்தது. இடப்பக்கம் கூனனின் குடிசை, கூரையில் ஓட்டை. வலப்பக்கம் பாஷாவின் அரண்மனை. என்ன கதை நடந்தது என்று எனக்கு அதிகம் விளங்கவில்லை. யாரோ வந்தார்கள், யாரோ ஓடினார்கள், சனம் சிரித்துக்கொண்டேயிருந்தது. பிறகு திரையின் மேலிருந்து கடதாசிப் பனி விழத் தொடங்கியது. ‘லா லா’ என்று, சொல் இல்லாமல், அப்பாவின் தேவாரம் கேட்டது.

குடிசைக்குள்ளிருந்து அப்பா வந்தார்.

நான் அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல அரங்குகளில் இருந்திருக்கிறேன். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நீளக் கோட்டு நடைக்கு நடை ஆடியது. நெற்றியில் மூன்று கீறல் வெட்டியிருந்தார் வீட்டுக்காரர். அந்த மூன்று கீறல் வழியாகவும் பின்னாலிருந்த வெளிச்சம் வந்தது. திருநீறு எரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பொம்மை நடுத்திரைக்கு வந்து நின்று, பனியை அண்ணாந்து பார்த்துவிட்டு, படக்கென்று குடையை விரித்தது. கறுப்புத் தோலில் விசிறிபோல விரியும் குடை. மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டல். எங்கள் தெருக்காரர் அத்தனை பேருக்கும் அது யாரென்று தெரிந்துவிட்டது. திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அப்பா சிரித்தார். பக்கத்தில் இருந்த மாமாவின் தொடையில் தட்டினார்.

அதற்குள் கூனன் வந்துவிட்டான். குடையைச் சுற்றி ஒருமுறை நடந்தான். ஏதோ கேட்டான். அப்பாவின் பொம்மை ஏதோ சொன்னது. வீட்டுக்காரர் அப்பாவின் ஆங்கிலத்தை அப்படியே பிடித்திருந்தார், ‘பொஸ், பொஸ்’ என்று. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கூனன் நீளக் கையைப் பின்னால் எடுத்தான்.

அடி. தோல் வார் பலகையில் விழுந்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. அப்பாவின் பொம்மை ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னோர் அடி. இன்னொரு சுற்று.

மாமா குனிந்து, “அத்தான், உங்களை வைச்சுப் பகிடி பண்ணுறாங்கள். எழும்புங்கோ,” என்றார்.

அப்பா எழும்பினார். வெளிச்சத்துக்குக் குறுக்கே போய்விடாமல் குனிந்து, எல்லோரிடமும் ‘சொறி, சொறி’ என்று சொல்லிக்கொண்டு வரிசையை விட்டு வெளியேறினார். வாசலில் சப்பாத்துப் போட நிற்கவில்லை. கையில் தூக்கிக்கொண்டு காலுறையோடு பனிக்குள் இறங்கி நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். அம்மா அழுதுகொண்டு தம்பியின் காலில் சப்பாத்தைத் திணித்தார். உள்ளே சனம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அப்பா தன் குடையை மண்டபத்திலேயே விட்டுவிட்டார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்தபோது என் சிநேகிதி படியில் காத்திருந்தாள்.

“உன் அப்பா ஏன் போனார்? நல்ல இடத்தைப் பார்க்கவில்லையே!”

“உங்கடை கூனன் அடிச்சான்.”

“அவன் எல்லோரையும் அடிப்பான்! பாஷாவுக்கு மட்டும்தான் அடி விழாது. பாஷாவை யாருக்குப் பிடிக்கும்? அடி விழுந்தால்தான் நம்முடைய ஆள். பிறகு இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே குடைக்குள் குடிசைக்குள் போனார்கள். என் அப்பா ஒரு மாதம் அதைப் பழகினார், தெரியுமா? உன் அப்பா வந்தது எந்தப் பக்கத்தால்? குடிசைப் பக்கத்தால். வெளியாட்களை எல்லாம் அரண்மனைப் பக்கத்தால்தான் கொண்டுவருவார். விசர்!”

நான் மேலே ஓடிப்போய் இதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வேலைக்குப் போகவில்லை.

“வாயை மூடு,” என்றார்.

அன்று மாலை வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார். “மிஸ்டர் குடை! மிஸ்டர் குடை!”

“திறவுங்கோவன்,” என்றார் அம்மா.

“நான் இல்லையெண்டு சொல்லும்.”

“அந்தாளுக்குத் தமிழ் விளங்குமே?”

“அப்ப ஒண்டும் சொல்லாதையும்.”

கதவின் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அவர் ஒரு கையில் குடையும் மற்றக் கையில் கடதாசியில் சுற்றிய தட்டையான பொருளுமாக நின்றார். அது என்னவென்று எனக்குத் தெரியும். மண்டபத்தில் திரையில் விழுந்ததைவிடச் சிறியதாக இருந்தது. நீண்ட நேரம் நின்றார். பிறகு குடையைக் கதவுப் பிடியில் கொழுவிவிட்டு, மற்றதைத் தன்னோடு கொண்டு இறங்கினார்.

மாமா ஒரு வீடு பார்த்துத் தந்தார். நாங்கள் மொன்ட்ரியால்-நோருக்குப் போனோம். குடையைக் கதவுப் பிடியிலேயே விட்டுவிடச் சொன்னார் அப்பா. அதன்பின் அவர் மழைக்குக்கூடக் குடை பிடித்ததில்லை. நனைந்துகொண்டு வருவார். ஏனென்று கேட்டால், “கனடாக்காரர் பிடிக்கிறவையே?” என்பார். எனக்குச் சிநேகிதியிடம் சொல்லிக்கொண்டு போகக்கூட நேரம் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் நான் மறந்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை, அவ்வளவுதான். அம்மா அதைக் கதைக்காமலே போய்ச் சேர்ந்தார்.

போன வருடம் கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒரு படம் அனுப்பினாள். டவுன்டவுனில் கிரேக்க நிழற்கூத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்களாம், வகுப்போடு போனாளாம். ‘இந்தாள் தாத்தா மாதிரி இல்லையா?’ என்று கேட்டிருந்தாள். நீளக் கோட்டு. காதை மூடிய தொப்பி. நெற்றியில் மூன்று கீறல், அதன் வழியாக வெளிச்சம். கையில் பாம்பு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது விளங்கியது. குடையின் விசிறி எப்போதோ உதிர்ந்துபோயிருக்கிறது. மிஞ்சியது வளைந்த பிடியும், தண்டும், உச்சியில் கொஞ்சம் அகன்ற தோலும். பழுது பார்த்தவர் அதைப் படமெடுத்த நாகமாகக் கண்டிருக்கிறார். கண் வைத்து, இரட்டை நாக்கும் தைத்திருந்தார். அட்டையில், ‘பாம்பாட்டி. கீழைத்தேயக் கற்பனைப் பாத்திரம்’ என்று இருந்தது. அரண்மனைப் பக்கத்தில், அந்நியர்களோடு நிறுத்தியிருந்தார்கள்.

அப்பா அஹுன்ட்சிக்கில், ஆற்றுக்குப் பக்கத்தில், முதியோர் இல்லத்தில் இருந்தார். நாரி விழுந்து நடக்க முடியாமல் போய்விட்டது, நினைவு விழவில்லை. படத்தைக் காட்டலாமா என்று ஒரு கிழமை யோசித்தேன். கடைசியில் காட்டினேன்.

“இது நான்தானெல்லே,” என்றார் உடனே. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “உது என்ன கையிலை?”

“பாம்பாம்.”

“ஆரின்ரை பாம்பு?”

“அப்பா, அண்டைக்கு உங்களை அடிச்சதைப் பற்றி…”

“அடி கிடக்கட்டும். ஆருக்குத்தான் அடி விழேல்லை? குடையை என்னத்துக்கு எடுத்தவங்கள்?” படத்தை என்னிடம் திருப்பித் தந்தார். “நீ பெரிய கந்தோரிலை இருந்தனியெல்லே. நான் கண் மூட முதல் உந்தப் பாம்பை எடுக்கச் சொல்லு. பேரக்குஞ்சுகள் போய்ப் பாக்கிற இடம். என்னைப் பாம்பாட்டியெண்டு நினைச்சுக்கொண்டு வளருங்கள்.”

என் அப்பா என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது.

அருங்காட்சியகத்தின் இணையத்தளத்தில் இயக்குநரின் பெயரைப் பார்த்ததும் சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். கீழ்வீட்டுப் பெண். தொலைபேசி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. தெரிந்தவர் என்ற சலுகையில் ஒரு கோரிக்கை போனால் பின்னால் அவளுக்குத்தான் சிக்கல் என்று, முப்பது வருடம் பிறருக்குச் சொன்ன புத்தியை எனக்கும் சொல்லிக்கொண்டேன். ஒன்பதாம் பிரிவின்கீழ், அப்பாவின் பெயரில், அப்பாவின் கையொப்பத்தோடு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு பிழை இல்லாத கோரிக்கை. நான் வேலையில் இருந்த காலத்தில் அப்படி ஒன்று என் மேசைக்கு வந்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

முப்பது நாள் போனது. நினைவூட்டல் அனுப்பினேன். அதுவும் போனது.

பங்குனிக் கடைசியில், மழை பெய்த ஒரு பிற்பகல், அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப்போனேன். இல்லத்தின் வாசலில் யாரோ விட்டுப்போன குடையை எடுத்துத் தரச்சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். அருங்காட்சியக வாசலில் நின்ற பையன் மிக மரியாதையாகச் சொன்னான்: “மன்னிக்கவும், குடைகளைக் காட்சிக்கூடத்துக்குள் கொண்டு செல்லக்கூடாது. விதி.” அந்த விதி அந்தக் கணமே நிறைவேற்றப்பட்டது. குடையை வாங்கி, இலக்கத் துண்டு கொடுத்தான்.

அட்டை மூடப்பட்டிருக்கவில்லை. சின்ன விளக்கொன்று அதன்மேல் எரிந்தது. அப்பா கண்ணாடிப் பெட்டிக்கு மூக்கு முட்ட நெருங்கிப் பார்த்தார். இடப்பக்கம் குடிசை, வலப்பக்கம் அரண்மனை. தன்னைத் தேடி வலப்பக்கத்தில் கண்டுபிடித்தார்.

“நான் குடிசைப் பக்கத்தாலை எல்லோ வந்தனான்,” என்றார்.

நான் அவர் பின்னால் நாற்காலியின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ‘வாயை மூடு’ என்று சொன்ன மனிதர், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு நாற்பது வருடம் நனைந்திருக்கிறார்.

யாரோ உள்ளே சொல்லியிருக்க வேண்டும்; அவள் வந்தாள். நரைத்த, கட்டையாக வெட்டிய தலைமயிர், நல்ல காலணி. என்னைப் பார்த்து, ‘வணக்கம் மேடம்’ என்று பிரெஞ்சில் தொடங்கியவள் பாதியில் நின்றாள். பிறகு நாற்காலிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அப்பாவின் கையைப் பிடித்து, அவர் முகத்தைப் பார்த்தாள்.

“மிஸ்டர் குடை,” என்றாள்.

அப்பா அவள் தலையில் கை வைத்தார். “கொப்பர் சுகமோ?” என்று தமிழில் கேட்டார். ‘உன் அப்பா சுகமா?’ என்று நான் மொழிபெயர்த்தேன். இறந்துவிட்டார் என்றாள். “நல்ல மனுசன்,” என்றார் அப்பா. அதையும் மொழிபெயர்த்தேன்.

அவரை யன்னலோரம் விட்டுவிட்டு நாங்கள் நடைபாதைக்குப் போனோம்.

“உனக்கு அது குடையென்று தெரியும்,” என்றேன்.

“தெரியும்.”

“பழுது பார்த்தவர் கேட்டிருப்பாரே?”

“கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.” அவள் என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். “கீழைத்தேயப் பாத்திரங்கள் என்று ஓர் அரங்கு வேண்டியிருந்தது. பாம்பு என்றால் பள்ளிக்கூடங்கள் வருகின்றன. குடை பிடித்த கோப்பை கழுவுகிறவரைப் பார்க்க யார் வருவார்கள்? இப்போது பாம்பு சுவரொட்டியிலும் ஏறிவிட்டது.”

“அது என் அப்பா.”

“உன் அப்பா கதவைத் திறக்கவில்லை.” குரல் கொஞ்சம் உயர்ந்தது. “என் அப்பா உங்கள் வாசலில் எவ்வளவு நேரம் நின்றார் தெரியுமா? நான் கீழ்ப்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தன் குடிசையிலிருந்து ஒருவரை வெளியே கொண்டுவருவது அவருக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் அந்த ஆட்டத்தை ஆடவில்லை. மேல்மாடியில் மட்டும்தான் நம்பிக்கை உடைந்தது என்று நினைத்தாயா?”

அவள் சொன்னதில் பாதி நியாயம். மீதிப் பாதி சுவரொட்டியில் இருந்தது.

அவள்தான் முதலில் தணிந்தாள். “கோரிக்கை என் மேசையில் இருக்கிறது. நானே பார்க்கிறேன். பதில் வரும்.”

“எப்போது?”

“பேந்து,” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதே சொல், அதே வாய். நானும் சிரித்துவிட்டேன். முப்பது வருடம் அலுவலகத்தில் யாருடைய சிரிப்புக்கும் மயங்காதவள், படிக்கட்டில் கேட்ட ஒரு சொல்லுக்கு மயங்கினேன்.

வெளியேறும் வழியில் ஒரு சின்னக் கடை. அப்பா பாம்பாட்டியின் தபாலட்டை ஒன்று வாங்கச் சொன்னார். இல்லத்துக்குத் திரும்பியதும் பேனை கேட்டார். பாம்பின் தலைக்கு மேல் ஒரு குடை விரித்தார். கம்பிகள் உட்பட. பின்பக்கத்தில் அருங்காட்சியகத்தின் விலாசத்தை எழுதி, முத்திரையைத் தானே ஒட்டினார், ஓரம் பிசகாமல்.

“கடிதத்தைக் கவனிக்காமல் விடுவாங்கள். இதை விடமாட்டாங்கள்,” என்றார். “தபாலுக்குப் பதில் வரும். நான் வேலை செய்த இடம், எனக்குத் தெரியும்.”

நான் அதைத் தபாற்பெட்டியில் போட்டேன். அதன்பின் நான் போகும்போதெல்லாம், “வந்ததோ?” என்று கேட்பார். வரவில்லை என்பேன். மேலிடத்துக்கு எழுதினேன், நிர்வாக சபைக்கு எழுதினேன், ஒவ்வொரு படியாக, எந்தப் படியையும் தாண்டாமல். ஒரு நாள் அவர் கேட்கவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஆற்றின்மேல் மழை. “உதுகள் நனைஞ்சுகொண்டு போகுதுகள், பார்,” என்று கீழே பஸ்ஸுக்கு நின்றவர்களைக் காட்டினார். அதற்கு மறுநாள் காலை, தேத்தண்ணி கொண்டுபோன பெண் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

காரியங்களை எல்லாம் முறைப்படி செய்தோம். என் வீட்டில் முறைப்படி நடக்காதது ஒன்றும் இல்லை. முப்பத்தோராம் நாள் ஆற்றங்கரையில் ஐயர் சொன்னபடி எல்லாம் கரைத்து முடித்து, காரில் ஏறி, கைப்பையில் கிடந்த தொலைபேசியைத் திறந்தேன். அருங்காட்சியகத்திலிருந்து மின்னஞ்சல். அப்பாவின் பெயருக்கு எழுதியிருந்தார்கள்.

அவருடைய அறிவித்தல் கிடைத்ததாம். ஒன்பதாம் பிரிவின்கீழ் அது கவனிக்கப்படுகிறதாம். பொருளில் உள்ள உருவம் அவருடையதுதான் என்று அருங்காட்சியகம் திருப்தியடைவதற்காக, புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டையோடு அவர் நேரில் வர வேண்டுமாம். கீழே இயக்குநரின் கையொப்பம், முழுப் பெயரோடும் பதவியோடும்.

பதில் வந்த திகதி: ஜூன் மாத முதல் செவ்வாய், அப்பாவின் அந்தியேட்டி.